பொருந்தவில்லை

ஒருவரின் காது இரைச்சலை இன்னொருவருக்கு மாற்றிவிடும் பங்கு மெஷின் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் நம் ஆட்கள் அதற்கும் ஒரு சீர் கண்டுபிடித்துவிட்டார்கள். கல்யாணத்துக்குச் சீர், வளைகாப்புக்குச் சீர், காதுகுத்துக்குச் சீர். இப்போது கட்டிக்கொடுத்த பெண்ணின் காது இரைச்சலை வாங்கிக்கொள்ளவும் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ தட்டோடு வர வேண்டுமாம். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், ஒரு புடவை. கோயமுத்தூரில் இதை எவன் ஆரம்பித்து வைத்தானோ, என் கையில் சிக்கினால் இருக்கிறது அவனுக்கு.

அந்தத் திங்கட்கிழமை காலை அப்படி ஒரு தட்டு என் மேஜைக்கு வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த ரிப்போர்ட்டின் மேலேயே அதை வைத்தவர் ருக்குமணி அம்மாள். அறுபதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். அவருக்குப் பின்னால் மருமகள் பிருந்தா, மகன் தாமோதரன், பிருந்தாவின் அண்ணன் லோகநாதன்.

"பொறந்த வூட்டுல இருந்து வந்துட்டாங்க டாக்டரம்மா. இனி ஆக வேண்டியதப் பாருங்க."

நான் டாக்டர் இல்லை. ஆடியாலஜிஸ்ட், காது கேட்பதைச் சோதிக்கிறவள். பெயர் சுலோச்சனா. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் விட்டுவிட்டேன்.

"தட்டைக் கீழ வெய்யுங்க. அடியில கெடக்கறது உங்க மருமகளோட ரிப்போர்ட்டு," என்றேன்.

ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான். பிருந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. சினைப்பையில் புற்றுநோய், ஆபரேஷன், அதற்குப் பிறகு ஆறு சுற்று கீமோ. கொடுத்த மருந்து சிஸ்பிளாட்டின். நோயை அது துப்புரவாக விரட்டிவிட்டது. போகிற போக்கில் காதில் பாதியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. குருவி சத்தம், குக்கர் விசில், ஆறு வயது மகளின் மெல்லிய குரல் எதுவும் கேட்காது. அதற்குப் பதிலாக இரவும் பகலும் இரைச்சல். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருந்தாள். கையில் செல்போன் அளவுக்கு ஒரு திரை. எதிரே பேசுகிறவர்களின் பேச்சு அதில் எழுத்தாக ஓடும். அதைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குத் தலை குனிந்தே இருக்கும் வழக்கம் வந்துவிட்டிருந்தது.

கடைசி கீமோ முடிந்து ஒன்றரை வருஷத்துக்குள் இரைச்சலை மாற்றியாக வேண்டும். அதற்கு மேல் மூளை இறுகிவிடும், எந்த மெஷினும் உதவாது. பிருந்தாவுக்கு அந்த வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. மாற்றுவதற்கே மூன்று நாள் வேண்டும். ஆக, புதன்கிழமை காலையில் நாற்காலியில் உட்காராவிட்டால் அவள் ஆயுசுக்கும் இந்த இரைச்சலோடுதான்.

லோகநாதன் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டான். "ஏனுங்க, என்னோட காதுல ஊசி ஏதாச்சும் போடுவீங்களா?"

"ஊசியெல்லாம் கெடையாது. அந்தச் சத்தம் இவங்க காதுல இல்லைங்க, மூளைல இருக்குது. உள்காதுல முடியாட்டம் நிக்கற அணுவையெல்லாம் கீமோ மருந்து கொன்னுருச்சு. அங்கிருந்து சேதி வரலைன்னதும் மூளை வால்யூமக் கூட்டிக் கூட்டி வெச்சுத் தேடுது. ஸ்டேசன் கெடைக்காத ரேடியோ எரையுமில்ல? அதான் இது."

"அதுக்கு நான் எதுக்குங்க?"

"சத்தமில்லாம இருக்கறது எப்பிடின்னு இவங்க மூளைக்கு மறந்துபோச்சு. உங்க மூளைக்குத் தெரியும். ரெண்டு பேரு தலைலயும் பட்டை கட்டி உட்கார வெப்போம். இவங்க மூளை உங்ககிட்ட இருந்து அமைதியக் கத்துக்கும். உங்க மூளை இவங்ககிட்ட இருந்து எரைச்சலக் கத்துக்கும். ஒரு பக்கம் மட்டும் கத்துக்கற மாதிரி மெஷினை இன்னும் ஒருத்தரும் செய்யல."

"திருப்பி மாத்திக்க முடியுங்களா?"

"முடியாது. ஒருத்தருக்கு ஒருக்காத்தான்."

லோகநாதன் தலையாட்டினான். தாமோதரன் ஒரு வார்த்தை பேசவில்லை, சுவரில் தொங்கிய காது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டியின் விஷயம், பேசுகிறது அம்மா, கொடுக்கிறது மச்சான், இவன் வேடிக்கை பார்க்க வந்தவனா?

"கூட வளந்தவங்க, வூட்டுல கூட இருக்கறவங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கோணும். அண்ணன், வூட்டுக்காரரு, நீங்க, மூணு பேருக்கும்," என்றேன்.

ருக்குமணி அம்மாள் முகம் சுருங்கியது. "எங்களுக்கு எதுக்கு? ரத்த சொந்தந்தான பொருந்தும்?"

"ரத்தத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. ஒரே கூரைக்கடியில ஒரே சத்தத்தக் கேட்டுப் பழகுன மூளை பொருந்தும். நூத்துக்கு எழுபது வந்தாப் போதும்."

"அவன் ஆம்பள. வேலை வெட்டிக்குப் போறவன்."

"இவங்க அண்ணன் மட்டும் பல்லாங்குழி ஆடறாராக்கும்?"

அம்மாள் என்னை முறைத்தார். இது சட்டம், எல்லாருக்கும் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஒரு பொய்யைப் போட்டேன். சட்டம் என்றதும் அடங்கிவிட்டார்.

சோதனை முடிந்ததும் ஒவ்வொருவரையும் தனியாக, சத்தம் புகாத அறைக்குள் கூப்பிட்டு விசாரிப்பது என் வழக்கம். அதை இந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து வைத்தவளே நான்தான். கொடுக்கச் சம்மதமா என்று மூன்று தடவை கேட்பேன். வேண்டாம் என்று சொன்னாலோ, வேண்டாம் என்று சொல்ல முடியாமல் முழிக்கிறார்கள் என்று பட்டாலோ, அவர்கள் தாளில் 'பொருந்தவில்லை' என்று எழுதிவிடுவேன். உண்மையான எண் அவர்களுக்கே தெரியாது. வெளியே உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தம் மெஷின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும். ஒருத்தருக்கும் மனஸ்தாபம் இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதலில் லோகநாதன் வந்தான். கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் வேலை.

"எப்பிடி டெஸ்ட் பண்ணுவீங்க?"

"ஓடற மோட்டாரு மேல நீட்டுத் திருப்புளி ஒண்ண வெச்சு, கைப்புடியக் காதோட ஒட்டி வெப்பனுங்க. பேரிங்கு சரியில்லைன்னா சன்னமா ஒரு கிரீச்சு கேக்கும். கம்ப்யூட்டரு பாஸ் போட்டதுலயே வாரத்துக்கு நாலஞ்ச நான் திருப்பி அனுப்பிருவனுங்க." சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது.

"எரைச்சல் வந்துட்டா?"

"பேக்கிங்ல போடுவாங்க. அட்டப்பெட்டிக்கு டேப்பு ஒட்டறது." முகம் பழையபடி ஆனது.

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் சம்மதம் என்றான். மூன்றாவது தடவை சொல்லிவிட்டு, "வேண்டாமுன்னு சொல்றதுக்கு எனக்கு வாயேதுங்க? கூடப் பொறந்தவளாச்சே," என்றான். அவன் தாளில் என்ன எழுத வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்து பிருந்தா. திரையில் நான் பேசுவது ஓட, அதைப் படித்துப் படித்துப் பதில் சொன்னாள். அவளுக்கே அவள் குரல் சரியாகக் கேட்காததால் சில வார்த்தைகள் ரொம்ப உரக்க வந்தன.

"எப்பிடி இருக்குது எரைச்சல்?"

"இப்பவும் ஙொய்ன்னுதானுங்க இருக்குது. நீங்க இந்த ரூமு அமைதியா இருக்குதுன்னு சொன்னீங்கல்ல? இங்கதானுங்க நெம்ப சாஸ்தி." இடது காதுப் பக்கம் முடியை ஒதுக்கிக் காட்டினாள். உள்ளே ஒரு காய்ந்த தழும்பு. "போன மாசம் கொண்டை ஊசிய உள்ள விட்டுட்டனுங்க. எதுக்குன்னு எனக்கே தெரியல. அத வெளிய எடுத்துப் போட்றலாமுன்னு தோணுச்சு. பாப்பா பாத்துட்டு ஓடிப்போயி அவங்க அப்பத்தாளக் கூட்டிட்டு வந்தா."

இந்தப் பெண்ணை வெள்ளிக்கிழமைக்கு மேல் இப்படியே வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த தடவை குழந்தை பக்கத்தில் இல்லாமல் போனால் என்ன ஆகும்? யோசிக்கவே பயமாக இருந்தது.

"அண்ணன் குடுக்கறேங்கறாரு."

"அண்ணங்கிட்ட வேண்டாமுங்க. அதுக்குக் காதுதானுங்க எல்லாமே."

"அப்பறம்?"

ஒதுக்கிய முடியை மறுபடியும் காதின் மேல் இழுத்து விட்டாள். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "அவரு வந்து கேட்டாருன்னா வாங்கிக்குவனுங்க. இத்தனை மாசத்துல ஒருக்காக் கூட, எனக்குக் குடு பிருந்தான்னு கேக்கல. குடுக்கக் கூட வேண்டாம். கேட்டிருந்தாப் போதும். நான் இன்னும் கொஞ்ச நாளைக்குத் தாங்கிருப்பேன்."

தாமோதரன் மேல் எனக்கு இருந்த கோபம் இரண்டு மடங்கு ஆனது. அவன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் உரிக்கத் தயாராக இருந்தேன். உடுமலைப் பக்கம் காற்றாலை பராமரிப்பு வேலையாம். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வருவான். பகல் முழுக்கக் காது மூடி மாட்டிக்கொண்டு உச்சியில் வேலை.

"உங்க சம்சாரத்தோட எரைச்சல வாங்கிக்க உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதமுங்க."

கேள்வி முடிவதற்குள் வந்த பதில். நான் இரண்டாவது தடவை கேட்டேன். அதே பதில். மூன்றாவது தடவை கேட்டபோது அவன் கண் கலங்கியிருந்தது.

"என்னைய இது வரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க. மொதல்ல கேட்டது நீங்கதான். அண்ணன் தம்பிக்குத்தான் பொருந்துமுன்னு அம்மா சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். சும்மா பேச்சுக்கு நான் தர்றேன்னு அவகிட்டச் சொன்னா, முடியாதுன்னு தெரிஞ்சுட்டு ஏமாத்தற மாதிரி ஆயிருமேன்னு வாயத் தொறக்கலீங்க. நெசமாலுமே எனக்குப் பொருந்துமுங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. "பாக்கலாமுங்க," என்று மட்டும் சொன்னேன். ஆனால் மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஒரே கூரை, கட்டாயம் எழுபதைத் தாண்டும். லோகநாதனுக்குப் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டு, இவனை நாற்காலியில் உட்கார வைத்தால் பிருந்தா கேட்டது இரண்டும் கிடைத்துவிடும்.

கடைசியாக ருக்குமணி அம்மாள்.

"உங்க மருமகளோட எரைச்சல வாங்கிக்க உங்களுக்குச் சம்மதமா?"

"வேண்டாம்," என்றார்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையிலேயே இப்படிப் பட்டென்று வேண்டாம் என்றவர் யாரும் இல்லை.

"எல்லாம் அவ மனசுல நெனச்சுக்கறதுதான்னு வெளிய சொல்லிட்டு இருந்தீங்க. அப்பறமென்ன பயம்?"

"அது அவளுக்குச் சொல்றது. எனக்குத் தெரியாதா? ஊசியப் புடுங்கினது நானு. ரத்தத்தத் தொடச்சதும் நானு. கீமோவுல வாந்தி எடுத்தப்போ சட்டி புடிச்சதும் நான்தான். செய்ய வேண்டியது அத்தனையும் செஞ்சாச்சு. இது மட்டும் முடியாது டாக்டரம்மா. எனக்குப் பயமா இருக்குது. இதுல வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

வெட்கப்பட ஒன்றும் இல்லைதான். யாரைக் காப்பாற்ற வேண்டாம் என்று காலையிலிருந்து கருவிக்கொண்டிருந்தேனோ, அவருக்கும் என் வழக்கம் பொருந்தும். சரிங்க என்றேன்.

அவர் வெளியே போனதும் கணினியில் மூன்று எண்களையும் திறந்தேன். லோகநாதன் எழுபத்து நான்கு. தாமோதரன் முப்பத்தொன்று. ருக்குமணி அம்மாள் தொண்ணூற்று மூன்று.

மெஷின் கோளாறு என்று நினைத்து மறுபடியும் ஓட்டினேன். அதே எண்கள். யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. தாமோதரனின் ஒன்பது வருஷத்தில் பெரும்பகுதி உடுமலையில், காது மூடிக்குள். வீட்டில் பிருந்தா கேட்ட மிக்ஸி, டிவி, பால்காரர் மணி, குழந்தை அழுகை அத்தனையையும் பக்கத்தில் இருந்து கேட்டவர் மாமியார். ஒரு கூரை என்று சொல்லிவிட்டேனே தவிர, அதற்கடியில் யார் இருந்தார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

கொடுக்க மனசு இருக்கிறவனுக்குப் பொருந்தவில்லை. பொருந்துகிறவருக்கு மனசு இல்லை. பாக்கி இருக்கிறவன் வாய் இல்லாதவன். அரை மணி நேரம் அந்தத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். லோகநாதனுக்கு மட்டும் 'பொருந்துகிறது' என்று எழுதினால் பிருந்தா பிழைத்தாள், அவன் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டப் போவான். எழுதாவிட்டால் அவன் பிழைத்தான், அவள் போனாள். ஒரு தரம் எழுதக்கூடச் செய்தேன். 'வாயேதுங்க' என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

மூன்று தாளிலும் ஒரே சொல்லை எழுதி எடுத்துக்கொண்டு வெளியே போய் ஒவ்வொன்றாகப் படித்தேன். லோகநாதன், பொருந்தவில்லை. தாமோதரன், பொருந்தவில்லை. ருக்குமணி, பொருந்தவில்லை. மன்னிச்சுக்குங்க, வேற வழி இருக்குதான்னு பாக்கறேன் என்று ஏதோ உளறினேன்.

பிருந்தா திரையைப் படித்தாள். பிறகு சிரித்தாள்.

"மூணு பேருமே வேண்டாமுன்னுட்டாங்களாங்க?"

"வேண்டாமுன்னு சொல்லலைங்க. பொருந்தல."

"கீமோ வார்டுல எல்லாத்துக்கும் தெரியுமுங்க. நீங்க பொருந்தலைன்னு எழுதிக் குடுத்தா, உள்ள போயி வேண்டாமுன்னு சொல்லிட்டு வந்திருக்கறாங்கன்னு அர்த்தம். எனக்குப் பக்கத்துப் படுக்கை அக்காதான் சொன்னாங்க. அவங்க வூட்டுக்காரருக்கும் இப்பிடித்தான் எழுதுனீங்களாம்."

ஆறு வருஷமாக நான் ரகசியம் என்று நினைத்தது ஊருக்கே தெரிந்த விஷயம். உண்மையாகவே பொருந்தாமல் போன எத்தனை பேர் இந்தத் தாளை வாங்கிக்கொண்டு கோழைப் பட்டத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள்? எனக்குத் தெரியவில்லை. இனி தெரியவும் போவதில்லை.

லோகநாதன் எழுந்து நின்றான். "அம்மிணி, சத்தியமா நான் வேண்டாமுன்னு சொல்லல. மூணு தடவையும் சரின்னுதான் சொன்னேன்."

"நீ வேண்டாமுன்னு சொல்லியிருக்கோணும் அண்ணா. அதுக்குத்தான் நானும் வேண்டிக்கிட்டேன்," என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையை அவன் தாங்கவில்லை.

என் வழக்கத்தை நானே மீறினேன். "இவரு மூணு தடவையும் சம்மதம்னாரும்மா. கண்ணுல தண்ணி விட்டாரு. இவருக்கு நெசமாலுமே பொருந்தல. வாங்க, கம்ப்யூட்டர்ல நம்பரே காட்டறேன்."

"அந்த நம்பரும் நீங்க போடறதுதானுங்களே," என்றாள் பிருந்தா. கோபமே இல்லாமல் சொன்னாள். "நீங்க நல்லவங்க. அப்பிடித்தான் சொல்லுவீங்க."

தாமோதரன் என் முன்னால் வந்து நின்றான். "எனக்கு எத்தனைங்க?"

"முப்பத்தொண்ணு."

"அதுலயே போடுங்க."

"புரிஞ்சுதான் பேசறீங்களா? எழுபதுக்குக் கீழ போட்டா அவங்க எரைச்சல் போகாது. அது பாட்டுக்கு அங்க இருக்கும். உங்களுக்கும் வந்துரும். அவ்வளவுதான் நடக்கும்."

"வரட்டுமுங்க."

"ஒரு பிரயோசனமும் இல்லைங்கறேன்."

"எனக்குப் பிரயோசனம் இருக்குதுங்க. நான் வேண்டாமுன்னு சொல்லலைன்னு இவளுக்குத் தெரியோணும். வேற எப்பிடி நான் தெரிய வெக்கறது? எங்க கையெழுத்துப் போடோணும்?"

சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த சம்மதப் படிவத்தை எடுத்துவிட்டான். பிருந்தா திரையில் ஓடியதைப் படித்துவிட்டு, வேண்டாமுங்க வேண்டாமுங்க என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் எழுதிக்கொண்டே இருந்தான். பெயர், வயது, முகவரி. லோகநாதன், "மாப்ள, பொறுங்க மாப்ள," என்று தோளைப் பிடித்தான். படிவம் அவன் கையில் இருந்தாலும் மெஷின் என் கையில்தான் இருந்தது, நான் அதைப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் இங்கே முடியாது என்றால் இதை எதற்கும் துணிந்து செய்து கொடுக்கும் ஆட்கள் இதே ஊரில் இருக்கிறார்கள். அவனுடைய முகத்தைப் பார்த்தால் இன்று மாலைக்குள் அங்கே போய் உட்கார்ந்துவிடுவான் என்றே பட்டது.

"டாக்டரம்மா."

ருக்குமணி அம்மாள் இவ்வளவு நேரம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இப்போதும் உட்கார்ந்தபடியேதான் பேசினார்.

"எம்பேருல எழுதியிருக்கறதப் படிங்க."

"பொருந்தவில்லை."

"அது பொய்யின்னு சொல்லுங்க."

நான் தாளை மடித்தேன்.

"நீங்க சொல்ல மாட்டீங்க, நானே சொல்றேன். உள்ள கேட்டாங்க. பயமா இருக்குது, வேண்டாமுன்னு சொன்னேன். அதான் இப்பிடி எழுதிக் குடுத்திருக்கறாங்க. எம் மவன் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான். எம்பேரோட சேந்து அவம்பேரும் கெடக்கூடாது." மூச்சு வாங்கினார். "எனக்கு எத்தனை?"

"தொண்ணூத்தி மூணு."

பிருந்தா திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடியும் படித்தாள்.

"கொஞ்சம் கொறச்சுச் சொல்லக் கூடாதா," என்றார் ருக்குமணி அம்மாள். "அவ எங்க ரத்தம் கூட இல்ல. எனக்கு எப்பிடித் தொண்ணூத்தி மூணு வரும்?"

"ஒம்போது வருசம் ஒரே சமையக்கட்டுல இருந்திருக்கறீங்க. ஒரே சத்தத்தக் கேட்டிருக்கறீங்க. அவ்வளவுதாங்க."

"சரி. அந்தக் காயிதத்த அவங்கிட்ட இருந்து வாங்கி இங்க குடுங்க."

"அம்மா, வேண்டாமுங்கம்மா," என்றான் தாமோதரன்.

"நீ சும்மா இருடா. ஒருத்தருக்கும் உபயோகமில்லாம நீ காதக் கெடுத்துக்கிட்டு வந்து நிப்பே, அதப் பாத்துட்டு நான் இருக்கோணுமா?"

விட்டேனா நான்? அவரை மறுபடியும் தனியறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். சம்மதமா? சரி என்றார். சம்மதமா? சரின்னனே என்றார். மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன். "இன்னொருக்காக் கேட்டீங்கன்னா எந்திரிச்சுப் போயிருவேன்," என்றார். அவருக்குப் பயம் போகவில்லை. மருமகளுக்காக இதைச் செய்கிறேன் என்று அவர் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லோகநாதனின் எழுபத்து நான்கை நான் இன்று வரை அவனிடம் சொல்லவில்லை. அது மட்டும் என் பொய்யாகவே இருக்கட்டும். அவன் புதன்கிழமை காலை வேலைக்குப் போய்விட்டான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மாமியாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் தலையில் பட்டையோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. முதல் இரண்டு நாளில் ஒன்றும் தெரியாது, மூன்றாவது நாள்தான் மாறும், மாறும்போது ஒரே நொடியில் மாறும் என்று சொல்லி வைத்திருந்தேன். ருக்குமணி அம்மாள் அடிக்கடி மணியைப் பார்த்தார். வியாழக்கிழமை போகும்போது, நாளைக்கு வராமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று என்னிடம் மட்டும் கேட்டார். "இத்தோட விட்டுட்டா ஒண்ணும் ஆகாதுங்க, நீங்க இருக்கற மாதிரியே இருக்கலாம்," என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள் ஒன்பதரைக்கும் வரவில்லை. நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது ருக்குமணி அம்மாள்தான். வழியில் கோயிலுக்குப் போனோம், கூட்டம் என்றார்.

பன்னிரண்டே முக்காலுக்குத் மெஷின் திரையில் பிருந்தாவின் இரைச்சலைக் காட்டும் கோடு மளமளவென்று இறங்கித் தரையோடு படுத்துவிட்டது. அவள் கண்ணைத் திறந்தாள். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். எதையோ தொலைத்துவிட்டவள் போல நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காணமுங்க," என்றாள். "போயிருச்சுங்க." தாமோதரன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான். அவள் அழவில்லை. வாயைத் திறந்தபடி அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காது கேட்காமல் போன பாதி திரும்பி வராது, திரையும் கருவியும் ஆயுசுக்கும் வேண்டும். அதையெல்லாம் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன்.

ருக்குமணி அம்மாள் இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார். பொத்தினால் இன்னும் கூடுகிறது என்று தெரிந்ததும் கையை எடுத்தார். மறுபடியும் பொத்தினார். மறுபடியும் எடுத்தார்.

"இது நிக்காதா?" என்று கேட்டார்.

"நிக்காதுங்க."

"தூங்கறப்போ?"

"அப்பவும் இருக்குமுங்க. பழகறதுக்குக் கொஞ்ச நாளாகும். நான் சொல்லித் தர்றேன்."

உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி, பிருந்தாவின் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"அம்மிணி, இத வெச்சுக்கிட்டா எங்களுக்கு ஒண்ணரை வருசமாச் சோறாக்கிப் போட்டே?"

பிருந்தா திரையைப் பார்த்தாள். படித்து முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆமாங்கத்தை," என்றாள்.